அடுத்த வருஷத்துக்கு எத்தனை புத்தகம்

2001 டிசம்பர் 12, புதன்

மேகமூட்டம். காலையிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு திருத்தம். எனக்குத் திமிர் என்று எதிர் பிளாக்கில் பேச்சு. பாத்திரம் தேய்க்க வரும் மேரி சொன்னாள். அல்சூர் மார்க்கெட்டில் அந்த பிளாக் கமலா எனக்கு நேர் எதிரே நின்று சிரித்தாளாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேனாம். "எல்லார்கிட்டயும் அப்படித்தான் பண்றீங்களாம்மா. கான்வென்ட்ல படிச்ச கொழுப்புன்றாங்க."

முகத்தைத் திருப்பியது உண்மை. காரணம் தவறு. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் வட்டம். எதிரில் நிற்பவர் முகம் அதற்குள் போய்விடுகிறது. சற்றே திரும்பினால் காது, தோள், புடவைக் கரை கிடைக்கும். கரையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறேன். கமலா அன்று கட்டியது புதுப் புடவை போல.

மேரியிடம் இதைச் சொல்லவில்லை. கொழுப்பு என்றே இருக்கட்டும். குருடி என்பதைவிட அது கௌரவம்.

டிசம்பர் 14, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. மகன் பிரபு அரை நாள் லீவு போட்டுக் கூட்டிப்போனான். சொட்டு மருந்து. பெஞ்சு. மறுபடி சொட்டு மருந்து.

டாக்டர் பிரபுவைவிட இளையவர். சேலம் பக்கத்துப் பேச்சு. கண்ணாடி மாற்றலாமா என்று கேட்டேன். பிரயோஜனம் இல்லை என்றார். ஆபரேஷன்? இதற்குக் கிடையாது. அப்படியானால் படிப்பது? "அதான் நிறைய படிச்சிட்டீங்களே பாட்டி. இனிமே பேத்தியோட உக்காந்து டிவி பாருங்க."

பிறகு பிரபுவை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "எவ்வளவு நாள் சார்?" என்று பிரபு கேட்டது காதில் விழுந்தது. பதில் வரும்போது யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

ஆட்டோவில் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா. வயசான கண்ணு, அவ்ளோதான்." சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். மருமகளிடம் சொல்லியிருப்பான். ராத்திரி எனக்கு மட்டும் தோசை தனி மொறுமொறுப்பு.

டிசம்பர் 17, திங்கள்

வருஷக் கணக்கு. ஒவ்வொரு டிசம்பரும் எழுதுவது. இந்த முறை ஸ்கெட்ச் பேனாவில்.

1. மலை ரயில் ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தைப் பற்றிய தடி நாவல். ஜனவரி முதல் மார்ச் வரை. கடைசி அத்தியாயத்தில் ஆசிரியருக்கு என்ன அவசரமோ.

2. ஒரு கன்னியாஸ்திரீயின் கடிதங்கள், இங்கிலீஷ். பொடி எழுத்து. பாதியில் நிற்கிறது.

3. சிறுகதைகள். பூதக்கண்ணாடி வைத்து. ஒன்று நன்று. மற்றவை காகிதத்துக்குக் கேடு.

4. கிணறு வெட்டுகிறவர்களின் நாவல். செப்டம்பரில் எடுத்தது. இன்னும் முடியவில்லை. நல்ல புத்தகம், அதுதான் வயிற்றெரிச்சல். சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்தால்தான் முதல் எழுத்து தெரிகிறது. வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது.

அவ்வளவுதான். முன்பெல்லாம் இது ஒரு மாதக் கணக்கு.

அவர் இருந்தபோது பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். எனக்கும் கண் இருக்கிறது என்பேன்.

தயிர் வாங்கச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 23, ஞாயிறு

குளிர். ஸ்வெட்டர்.

கமலா வீட்டு மாடியில் வாசகர் வட்டம். ஈஜிபுராவிலிருந்து வரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களும் இருந்தார்கள். டிசம்பர் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து, பிடித்த பக்கத்தை வாசிக்க வேண்டும். பிறகு புத்தகம் கைமாறி வட்டத்தைச் சுற்றி வரும்.

பூதக்கண்ணாடியோடு எல்லார் முன்னும் உட்கார எனக்கு விருப்பமில்லை. கிணற்று நாவலில் இரண்டு பக்கங்களை வாரம் முழுவதும் மனப்பாடம் செய்தேன். புத்தகத்தைப் பிரித்து, உரிய தூரத்தில் பிடித்து, சொன்னேன். எங்கே தாளைத் திருப்ப வேண்டுமோ அங்கே திருப்பினேன். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். கை தட்டினார்கள்.

புத்தகத்தைப் பக்கத்திலிருந்த கமலாவிடம் கொடுத்தேன். அவள் பிரித்தாள். என் காதருகே குனிந்து, "அக்கா, இது இங்கிலீஷ் புக்கு" என்றாள்.

கன்னியாஸ்திரீயின் கடிதங்கள். எந்தப் புத்தகமானாலும் பழுப்பு அட்டை போடாமல் திறக்கக் கூடாது என்பது கான்வென்ட் சிஸ்டர்கள் போட்ட பழக்கம். என் அலமாரி முழுக்க ஒரே பழுப்பு. லேபிளில் என் கையெழுத்து, அழகாக, சின்னதாக. எனக்கே தெரியவில்லை.

புத்தகத்துக்காக அடுத்தவள் கை நீட்டினாள். கமலா கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "இது இங்கயே இருக்கட்டும்பா. பஜ்ஜி எண்ணெய் பட்டுச்சுன்னா அக்கா நம்மள வெட்டிப் போட்டுடுவாங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

காப்பாற்றினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 26, புதன்

மாலை கமலா வந்தாள், வெறும் கையோடு. நல்லவேளை, பழம் வாங்கி வரவில்லை.

"மார்க்கெட் விஷயத்த நான்தான் தப்பா சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். தினம் சாயந்தரம் வந்து படித்துக் காட்டுகிறாளாம்.

"நீ படித்தால் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்வது மாதிரி இருக்கும்."

"கண்டக்டர் இல்லன்னா நீங்க எறங்க வேண்டிய எடத்துல எப்படி எறங்குவீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். வேறு யார் படிப்பார்கள்? பிரபுவுக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, எழுத்து தெரியாது. பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம். பிரபுவுக்கு நானும் அவரும் கற்றுத்தரவில்லை, நேரம் இருக்கிறது என்று நினைத்தோம்.

ஆனால் ஒரு வரி பிடித்தால் அங்கேயே நிற்பேன். மறுபடி மேலே போவேன். பிடிக்காவிட்டால் பட்டென்று மூடுவேன். இன்னொருத்தி வாயைப் பார்த்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா? அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பேத்தி தட்டினாள். ஜலதோஷம் என்றேன்.

டிசம்பர் 31, திங்கள்

வெயில். மொட்டை மாடியில் பையன்கள் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள்.

அடுத்த வருஷப் பட்டியல் போட உட்கார்ந்தேன். போட முடியவில்லை. ஒரு வருஷம் உண்டென்றால் கிணற்று நாவலை முடித்து, தொடாமல் வைத்திருக்கும் மூன்றையும் எடுக்கலாம். ஆறு மாதமென்றால் கிணறு மட்டும். அதற்கும் குறைவென்றால் கிணற்றைக் கமலாவிடம் விட்டுவிட்டு, முன்பே படித்த ஒன்றை எடுத்து நானே கடைசிவரை போக வேண்டும். எது என்றுகூடத் தெரியவில்லை. நாளைக்குக் கண் விழிக்கவே பிடிக்கவில்லை.

டாக்டருக்கு எழுதியதன் நகல். மேரி தபாலில் போடுவாள்.

டாக்டர் அவர்களுக்கு,

இம்மாதம் 14ஆம் தேதி தங்களிடம் வந்தேன். வராந்தாவில் என் மகனிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. கண் என்னுடையது. அச்செழுத்தை நானே படிக்க இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், குறைந்தது எத்தனை என்று சொன்னாலும் போதும். அதை வைத்துப் புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும். போனில் வேண்டாம், எடுப்பது என் மருமகள். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், என் பெயருக்கே பதில் எழுதி அனுப்புங்கள்.