அம்மாவின் உளுத்தங்களி

மடு மாதா துணை

பேசாலை,
1998 ஆடி 12

அன்பு மகள் மெற்றில்டாவுக்கு அப்பா எழுதுவது,

மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறோம். அம்மாவுக்கு ஏன் அடிக்கடி காய்ச்சல் என்று கேட்டிருந்தாய். அது காய்ச்சல் இல்லை மகள். திடீரென்று முகமும் கழுத்தும் கொதிக்கும், சட்டை நனைய வேர்க்கும், பிறகு குளிரும். மலேரியாதான் என்று மூன்று தரம் இரத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன், ஒன்றுமில்லை. நித்திரை இல்லை, சும்மா சும்மா என்னோடு சினப்பாள், நான்தான் ஏதோ பிழை விட்டேனாக்கும் என்று இருந்தேன். கடைசியில் மருத்துவிச்சி அருளம்மாதான், இது மாதவிலக்கு நிற்கிற காலம், பயப்பட ஒன்றுமில்லை என்று விளங்கப்படுத்தினார். உளுந்து, எள்ளு, பயறு, முருங்கையிலை, முள்ளோடு தின்னக்கூடிய சின்ன மீன் சேர்த்தால் கொஞ்சம் சுகம் கிடைக்கலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி இராது, முற்றாக நின்ற பிறகு இரத்தம் பட்டால் மட்டும் உடனே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து வலையில் படும் சூடை மீன் எங்கள் வீட்டுக்குத்தான். அடுப்படிச் சூடு அம்மாவுக்குத் தாங்காது, அதனால் வறுத்த உளுத்தம்மாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் களி கிண்டுவது நான், பக்கத்தில் கதிரை போட்டிருந்து நல்லெண்ணெய் காணாது, கட்டி படுகுது என்று குறை சொல்வது அவள். வேர்வை முற்றாக நிற்கவில்லை, ஆனால் நித்திரை வருகிறது, சிரிப்பும் வருகிறது.

இனித்தான் சொல்ல வந்த விஷயம். போன மாதம் நானும் அம்மாவும் மன்னாருக்குப் போகும்போது ஆமி செக்பொயின்றில் எல்லாரும் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நடந்தோம். அடுத்த ஒழுங்கைப் பாலம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்து வேர்வை ஓடியது. எதையோ ஒளிக்கிறாள், அந்தப் பயத்தில்தான் வேர்க்கிறது என்று ஆமிக்காரன் கொட்டிலுக்குள் கொண்டுபோனான். அவளுக்குச் சிங்களம் தெரியாது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம், நானும்தான். அம்மா மட்டும் திரும்பினாள். கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். உள்ளே நின்ற பெண் ஆமியிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அம்மாவுக்கே வேர்த்துக் கொட்டியதாம். சட்டென்று அந்த ஆமிப் பிள்ளையின் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாளாம். அந்தப் பிள்ளை பாலம்மாவை விட்டுவிட்டாள். வெளியே வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற பாலம்மாவிடம் அம்மா, "இது பயத்தில வாற வேர்வை இல்லைத் தங்கச்சி, எனக்கும் வாறதுதான். பின்னேரம் வீட்ட வா, களி தாறன்" என்றாள்.

இப்போது பின்னேரங்களில் ஐந்தாறு பெண்கள் களி தின்ன வருகிறார்கள். மாதவிலக்கு என்று என்னிடமே சொல்லக் கூசிய சொல்லை அம்மா அவர்கள் நடுவில் இருந்து சத்தமாகச் சொல்கிறாள். இதையெல்லாம் பிள்ளைக்கு எழுத வேண்டாம் என்றாள். உனக்கும் ஒரு காலம் வரும், அப்போது அங்கே யார் சொல்லித்தரப் போகிறார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வேலை வேலையென்று சாப்பாட்டை விடாதே, மருமகனையும் அடுப்படிக்குக் கூப்பிடு. உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டுக் கேட்கிறோம், ஆண்டவர் எப்போதும் உங்களோடு இருக்கட்டும். அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுத மறக்காதே.

நேற்றுக் கரையில் தலைமன்னார் ஆள் ஒருவர், நீங்கள் களியக்காவின்ர மனிசனோ என்று கேட்டார். முப்பது வருஷம் இந்தக் கடலில் தொழில் செய்கிறேன், என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. ஓம், நான்தான் என்றேன்.

இப்படிக்கு,
களியக்காவின் மனிசன்,
உன் அப்பா
சந்தியோகு