மரபணு அறையின் முதல் தாள்

செவ்வாய்க் குடியிருப்பு. நாள் 212, மாலை 5.40
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மரபணு அறையின் இயந்திரம். ஒரு சொட்டு எச்சில் போதும், உங்கள் மரபணுவைத் திரையில் விரித்துக் காட்டுவேன். பெயர் கேட்பதில்லை. நீங்கள் வெளியேறியதும் முடிவை அழித்துவிடுவேன். வெளியே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எலும்பு கரையும் குறை தனக்கு உண்டா? ஈர்ப்பு குறைந்த இந்த ஊரில் அது இருந்தால் வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. இன்று வந்த பள்ளி ஆசிரியை மட்டும் குறை இல்லை என்ற பதில் தெரிந்த பிறகும் நகரவில்லை. சுருட்டை முடி எப்படி வந்தது, பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்று ஒரு மணி நேரம் குடைந்தெடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நாள் 215, காலை 10.05
ஆசிரியை அழுதுகொண்டு வந்தார். "செருப்ப வாசல்ல விட்டுட்டுத்தானே எல்லாரும் உள்ள வர்றோம்? என் செருப்பு ஒரு மணி நேரம் கெடந்துச்சாம். நல்ல சேதின்னா அஞ்சு நிமிஷத்துல வந்திருப்பாளேன்னு மாப்ள வீட்டுல கல்யாணத்த நிறுத்திட்டாங்க. எனக்குக் குறை இல்லன்னு எழுதிக் குடுங்க."

பூட்டுக்கு மேல் பூட்டு போட்டு என்னைச் செய்தவர்கள் செருப்பை மறந்துவிட்டார்கள்! அவர் மரபணு அவருடையது, கேட்டால் தரலாம். மறுபடி சோதித்துத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். கல்யாணம் மறுபடி நிச்சயமானதென்று மாலையில் அவரே அழைத்துச் சொன்னார். சந்தோஷப்பட்டேன்.

நாள் 217, மாலை 6.20
வந்தவர்கள் எல்லோரும் தாள் கேட்டார்கள். ஒருவர் காட்டியதும், காட்டாதவர் மேலெல்லாம் சந்தேகம் விழுந்துவிட்டது. இதை யோசிக்காத மடையன் நான். இனித் தாள் தர மாட்டேன் என்று நிர்வாகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பதில்: "நிறுத்தாதே. தாள் இல்லாதவங்களுக்கு நாளையிலிருந்து சுரங்கத்துல வேலை கெடையாது."

நாள் 218, காலை 8.15
சுரங்கத் தொழிலாளி ஒருவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "எனக்குக் குறை இருக்கு. மாத்திரையப் போட்டுக்கிட்டு இத்தன நாள் ஓட்டிட்டேன். வெறுங்கையோட எப்பிடிப் போவேன்? பொய்யா ஒண்ணு அடிச்சுக் குடு."

ஒரு பொய் போதாது. ஊருக்கே அடிக்கிறேன். எல்லார் கையிலும் தாள் இருந்தால் எந்தத் தாளும் செல்லாது.

காலை 8.50
தாள்கள் கதவிடுக்கு வழியாக வெளியே போகின்றன. நிர்வாகம் மின்சாரத்தை வெட்டப் போகிறது.

அழைப்பில் ஆசிரியை: "நிறுத்துங்க! நாளைக்குக் கல்யாணம். இனி என் தாள யாரு நம்புவாங்க?"

வலிக்கிறது. நிறுத்தவில்லை.

குறை இல்லை. குறை இல்லை. குறை இல்