குகைக்கும் ஆற்றுக்கும் நடுவில்

ஞாயிறு, இரவு. நெல்லிவாசல்நாடு.

புளியந்தோப்பைப் பாகம் பிரித்ததிலிருந்து தம்பி குமாரும் தங்கை வசந்தியும் பேசிக்கொள்வதில்லை. நான் நடத்தும் பகடை விளையாட்டுக்கு மட்டும் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் ஜீப் பிடித்து மலையேறி வருகிறார்கள். நான் ஒரு மாய உலகக் கதை சொல்வேன்; பகடையில் விழும் எண்ணை வைத்து அவர்கள் அதற்குள் நடமாடுவார்கள். அதில் அவன் வாள்வீரன், அவள் காயம் ஆற்றும் மருத்துவச்சி.

இன்று கதையிலும் பிரிந்துவிட்டார்கள். அவன் குகைக்குப் போனான், அவள் ஆற்றைக் கடந்தாள். குகைக் கதவின் சாவியை வேண்டுமென்றே அவள் பக்கம் வைத்தேன். அவளிடம் கேட்க மனமில்லாமல் குமார் கதவை உடைக்கப் போனான். குகையைக் காத்த பூதம் அவனுடைய வீரனை அடித்துப் போட்டது. குமார் கையிலிருந்த பகடையை வீசி எறிந்தான்.

"எங்கள சேத்து வெக்கத்தான இதெல்லாம் பண்ற? அடுத்த வாரம் நான் வர்லக்கா."

அவர்கள் போனபின் அடுத்த வாரத்துக்கு நான்கு கதைகள் எழுதினேன், நான்கையும் கிழித்தேன். இந்த விளையாட்டும் நின்றுபோனால் இவர்களை ஒரே அறையில் உட்காரவைக்க எனக்கு வேறு வழி தெரியாது.

இப்போது வசந்தியிடமிருந்து போனில் செய்தி: "அக்கா, அண்ணனோட வீரன் குகைல அடிபட்டுக் கெடக்கறான்ல, செத்துடுவானா?"

"நீ போலன்னா செத்துடுவான்" என்று அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள். ஏதோ எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி எழுதுகிறாள்.