வெடிச் சத்தத்துக்கு உட்காரும் நாய்

இன்று மதியம் தெருமுனைத் தேவாலயத்தில் திருநாள் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே நீனா குசினித் தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஏழு வயதாகிவிட்டது, இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஆனாலும் நீ பழக்கியது பழக்கியதுதான். வெடி கேட்டால் உட்கார வேண்டும், சொல்லும்வரை அசையக்கூடாது. உட்கார்ந்தபடி அவள் என்னைப் பார்த்தாள். கையில் வெங்காயத்தோடு நின்ற நான் உன்னை நினைத்தேன். இந்தக் கடிதம் போய்ச் சேர முகவரி இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

லிபெர்த்தாத் தெருவில், காணி உறுதி எழுதும் இந்த நொத்தாரிசின் வீட்டில், நான் சமையல், நீ மற்றெல்லாம். வேட்டை நாய்ப் போட்டிக்கென்று அவர் ஆசையாக வாங்கிய ஸ்பானியல் குட்டி, அவரது முழங்கால் மடங்க மறுத்ததும் உன் கைக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் நீனா என்றார்கள், நீ மட்டும் ‘பிள்ளை’ என்றாய். வன்னியில் விட்டுவந்த மகளையும் தொலைபேசியில் அப்படித்தான் கூப்பிடுவாய். குளிர்காலப் போட்டியில் நாய் தரச் சான்றிதழ் வாங்கினால், முற்றத்துப் பின்பக்கம் சும்மா கிடக்கும் இரண்டு அறைகளையும் உன் பெயருக்கு வாடகைக்கு எழுதித் தருவதாக நொத்தாரிசு சொன்னார். வீட்டுக் கடுதாசி இல்லாமல் மனைவி பிள்ளையை இந்த நாட்டுக்குக் கூப்பிடும் விண்ணப்பத்தை, விசாப் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் கையால் தொடவே மாட்டார்கள். அன்று மாலையே நீ அந்த அறைகளைக் காலால் அளந்தாய். மகளின் கட்டில் எந்தச் சுவரோரம் என்பதுகூட முடிவாகிவிட்டது.

போட்டி விதிகளை நீ எனக்கு விளக்கியதே ஒரு தனிக் கூத்து. நாய் உனக்கு முன்னால் இடமும் வலமுமாகப் புல்லை மோந்து ஓட வேண்டும், துவக்குச் சூடு எட்டும் தூரத்தைத் தாண்டக்கூடாது. பறவை எழும்பினால் உட்கார வேண்டும், சுடும்போதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நீ சொன்ன பிறகுதான் போய் எடுத்துவர வேண்டும். இதற்குள் நீ நாயைத் தொட்டால் கதை முடிந்தது. எல்லாவற்றையும் குசினிக்குள் ஓடிக் காட்டினாய். நான்தான் பறவை.

வெடிக்குப் பழக்குவதில்தான் சிக்கல். நொத்தாரிசு வெற்றுத் தோட்டா போட்ட சின்னத் துவக்கு ஒன்றைத் தந்திருந்தார். அவரது எலுமிச்சைத் தோட்டத்தில் அதை என் கையில் திணித்துவிட்டு நீ தூரப் போய்விட்டாய். நான் வெடித்ததும் நீனா ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தால், நீ மதிலோடு குந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாய்.

“பிள்ளைக்குப் பயமில்லை, எனக்குத்தான். அவரிட்டைச் சொல்லிப்போடாதை” என்றாய்.

நான் சொல்லவில்லை. அந்த இரண்டு அறைக்காக, உனக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன்.

போட்டி நடந்தது நகரத்துக்கு வெளியே, அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலில். நொத்தாரிசு ஊன்றுகோலோடு வரம்பில் நின்றார். பக்கத்தில் கோப்பிப் போத்தலோடு நான். நீனா அன்று ஓடிய ஓட்டத்தை என்னால் இப்போதும் அடிக்கு அடி சொல்ல முடியும். நடுவர் குறிப்பெழுதியபடி இரண்டு முறை தலையாட்டினார். பிறகு ஒரு பற்றையிலிருந்து காட்டுக்கோழி படபடவென்று எழும்பியது. நீனா உட்கார்ந்தாள். முதல் வெடி கேட்டது, அவள் அசையவில்லை. நீ குப்புற விழுந்தாய். இரண்டாவது வெடிக்குத் தவழ்ந்துபோய் அவளை வயிற்றுக்குள் இழுத்து, மேலே படுத்து, இரண்டு கையாலும் அவள் தலையை மூடிக்கொண்டாய்.

வரம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். நொத்தாரிசும் சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன். அவர் பார்த்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. நீ தலையைத் தூக்கியபோது உனக்கு முதலில் தெரிந்தது என் பல்தான்.

அவர் உன்னை ஏசவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் அந்த அறைகளில் அவருடைய மருமகன் குடியேறினான். நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஏசியிருக்கலாம். கூப்பிட ஏலாட்டி நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன் என்று, சமாதான காலத்தின் வால்முனையில் விமானம் ஏறினாய். நீ வன்னிக்குள் போன கையோடு சண்டை தொடங்கி, வெளியே வரும் பாதையை மூடிவிட்டார்கள்.

போன மாதம் அகதி முகாமிலிருந்து உன் மனைவி தொலைபேசியில் கதைத்தார். ஷெல் விழத் தொடங்கியபோது பங்கருக்கு ஓட நேரமிருக்கவில்லையாம்.

“பிள்ளையைக் கீழை போட்டிட்டு மேலை படுத்திட்டார், அண்ணை. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை” என்றார்.

அழவில்லை. நீ இங்கே எப்படி இருந்தாய் என்று மட்டும் கேட்டார். நாயைப் பற்றிச் சொன்னேன், அது ஓடிய ஓட்டத்தைச் சொன்னேன். வயலில் நீ படுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொன்னால் நான் சிரித்ததையும் சொல்ல வேண்டும். உன் மகள் பக்கத்தில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இன்று அடுத்தடுத்த வெடிகளுக்கும் நீனா உட்கார்ந்தே இருந்தாள். அவள் யாரையோ எதிர்பார்ப்பதாக எனக்குப் பட்டது. வெங்காயத்தை வைத்துவிட்டுத் தரையில் இறங்கினேன். அவளை வயிற்றுக்குள் இழுத்து, மேலே படுத்து, கையால் தலையை மூடிக்கொண்டேன். ஊன்றுகோல் சத்தம் குசினி வாசலில் வந்து நின்றது. நொத்தாரிசு கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசி வெடி முடியும்வரை எழும்பவும் இல்லை.