முருகன் மேல் போட்ட பழி

அக்கா, இன்று காலை ஆய்வுக்கூடத்தில் மூளை ஊறும் ஃபார்மலின் ஜாடியைத் திறந்ததும் புதிதாகச் சேர்ந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். உன் நினைவு வந்துவிட்டது. படிக்கும்போது லீவுக்கு நான் தென்காசி வந்தால் என் சேலையை மோந்துவிட்டு, "ஏட்டி, பொணத்தோடயா குடும்பம் நடத்துதே?" என்று சிரிப்பாயே.

பண்பொழி மலை முருகனுக்கு நீ காவடி எடுக்க வேண்டிய நாளில்தான் என்னை மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்க்க ரயிலேறினாய். மறு வருஷம் உன் வலது கை ஆடத் தொடங்கியது. "சாமிக்குச் செய்யாம தங்கச்சிய படிக்க வைக்கப் போனாள்லா, அதான் கை ஆடுது" என்றாள் உன் மாமியார். ஊரே அதை நம்பியது. சில நாள் நானும் நம்பினேன்.

ஆட்டம் நிற்குமென்று தலையில் எண்ணெய் வைத்துக் குற்றால அருவியில் உன்னைப் பிடித்து நிறுத்தினார்கள். பல் கிட்டிக்க வெளியே வந்தவள் என் காதில் சொன்னாய்: "அருவியில குளிச்சா இது நிக்காது. நான் செத்தா என் தலையத் தொறந்து பாரு."

நோய் முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடியதும் வீட்டாரிடம் அதைச் சொன்னேன். அண்ணன் கத்தினான்: "தலைய அறுத்தா அவள எப்படி எரிக்கது? ஊர்ல என்ன பேசுவாவ?" அத்தான் எழுந்தார். "அவ கேட்டது. செய்ங்க."

அறுத்தவர் என் பேராசிரியர். தட்டை ஏந்தி நின்றது நான். நடுமூளையில் மை தீட்டியதுபோல் கறுத்திருக்க வேண்டிய இடம் உனக்கு வெளுத்துக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், அங்கே இருந்து கைகால் அசைவை அடக்கியாள வேண்டிய செல்களில் பெரும்பாலானவை இல்லை. "இவ்வளவு அழிவு திடீரென்று வராது. கை ஆடுவதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கியிருக்கும்" என்றார் அவர். அப்படியென்றால் நாம் ரயிலேறிய அன்றே அவை செத்துக்கொண்டிருந்தன. அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவை ஏன் சாகின்றன? அதைத்தான் தினமும் தேடுகிறேன். உன்னைப்போல் கை ஆடி இறந்த வேறு பலரின் மூளைகளும் வருகின்றன. விடை மட்டும் வரவில்லை.

போன குற்றால சீசனில் ஊருக்கு வந்தபோது உன் மாமியார் பலர் முன்னால் கேட்டாள்: "தலைய வெட்டினியே, என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"ஏன்னு இன்னும் தெரியல அத்த. ஆனா முருகன் செய்யல. அவர் மேல பழி போடாதீங்க."

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, அக்கா. நீ செய்த பாவம் என்று மட்டும், நான் இருக்கும்வரை, ஒருத்தரையும் சொல்ல விடமாட்டேன்.