இடது பக்கத்து மந்தம்

மார்ச் 4, செவ்வாய்

இடது ஸ்பீக்கரின் முதுகைத் திறந்து, பழைய கெப்பாசிட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் பற்றவைத்தேன். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. மூடிவிட்டுப் பாட்டைப் போட்டதும் — அப்பாடா! மாதக்கணக்காக அந்தப் பக்கம் போர்வைக்குள் கிடந்த சத்தம் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

மாடியிலிருந்து தம்பி இறங்கி வந்தான். எலக்ட்ரிகல் இன்ஜினியர் என்ற திமிர் அவனுக்கு. "முதல்ல ஒயரை மாத்தினே. அப்புறம் பிளக்கை மாத்தினே. இப்ப இதா? இத்தனூண்டு பார்ட்டைப் போட்டா சத்தம் மாறுமாக்கா? எல்லாம் மனப்பிராந்தி."

இருபது வருஷமாக அரங்கத்தின் மிக்சிங் மேசையில் உட்கார்ந்து ஊருக்கே சத்தம் அமைத்துக் கொடுப்பவள் நான். அங்கே எனக்குப் பெயரே பாம்புக்காது. இவன் எனக்குச் சொல்லித் தருகிறான்! போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று விரட்டிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி மந்தம். புது கெப்பாசிட்டர் பழகுவதற்குச் சில நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி சவால் விட்டான். துண்டால் என் கண்ணைக் கட்டி, பழையதையும் புதியதையும் கிளிப்பில் மாட்டி மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். நான் ஒவ்வொரு முறையும் பட்டென்று சொன்னேன். "இது பழசு. இது புதுசு. ஆகா, இப்ப திறந்துக்கிச்சு பாரு!"

கட்டை அவிழ்த்தால் சிரிக்கிறான். "கடைசி மூணு தடவை நான் எதையும் தொடவே இல்லக்கா."

துண்டு காதை அமுக்கிவிட்டது என்றேன். அமுக்கத்தான் செய்தது! என்ன, ஒரு தடவை கோட்டைவிட்டதால் என் காது காதில்லை என்று ஆகிவிடுமா? இடது ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தத்துக்கென்றே இருக்கும் ட்வீட்டரையே மாற்றப் போகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய அவசியமில்லை.

மார்ச் 12, புதன்

அரங்க மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "மேடம், இடது பக்கம் உக்காந்தவங்க எல்லாரும் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. கீச்சுனு காது கிழியுதாம். போன நிகழ்ச்சிலயும் இதேதான்."

இடது பக்கம் மங்கலாகக் கேட்டது, ஏற்றி வைத்தேன். என் காதுக்குச் சரியாகத்தான் இருந்தது. அதை அப்படியே சொன்னேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னை டிக்கெட் கவுன்டரில் உட்காரவைப்பாராம். கவுன்டரிலா! இந்த மேசை போனால் எனக்கு வேறென்ன இருக்கிறது? உட்காரவைத்துப் பார்க்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டியபடி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. புது ட்வீட்டர் போட்டாயிற்று, இடது ஸ்பீக்கர் கண்ணாடி போலக் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் வலது ஸ்பீக்கர் மந்தமாக இருந்தது.

திரும்பி நின்றேன். வலது பளிச். இடது மந்தம். மறுபடி முதுகைக் காட்டினேன். மந்தம் வலதுக்குத் தாவியது. கையில் துண்டோடு நடுக்கூடத்தில் சுற்றிச் சுற்றி நின்றேன், பைத்தியக்காரி மாதிரி. எப்படி நின்றாலும் மந்தம் என் இடது கையோடுதான் வந்தது.

ஒரு பக்கம் மந்தமா, முதலில் இடது வலது ஒயரை மாற்றிப் போட்டுப் பார், கோளாறு கூடவே போகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார். வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்வது இதுதான். வீட்டில் ஒரு தடவைகூட நான் அதைச் செய்யவில்லை. ஏன்டி செய்யலே? தெரியாமலா?

மார்ச் 17, திங்கள்

பாம்புக்காதாம். அழுகையாக வருது. நாளைக்கு யார்கிட்டயும் பேச மாட்டேன்.

மார்ச் 27, வியாழன்

காது டாக்டர்: "வலது காது அருமையா இருக்கு. இடதுல கீச்சுச் சத்தமெல்லாம் நல்லாவே குறைஞ்சு போச்சு. ஸ்கேன்ல பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. ஆனா போனது திரும்பி வராதும்மா." கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார். தலைமுடியை இறக்கி விட்டால் வெளியே தெரியாது என்று அவராகவே சொன்னார். நான் கேட்டேனா?

தம்பியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

கருவி வந்துவிட்டது. எல்லாமே தகர டப்பாவுக்குள்ளிருந்து கேட்கிறது, என் குரல் உட்பட. கழற்ற மாட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். மனிதர் நெளிந்தார். "சவுண்ட் பாக்கறவங்க காதுல மெஷின்னா... பாக்கறவங்க என்ன நினைப்பாங்க மேடம்?"

"நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுதானே சார் என்னைப் பாக்கறீங்க?" என்றேன். "வெள்ளிக்கிழமை ஒத்திகை. இடது வரிசையில நீங்களே வந்து உக்காருங்க. கீச்சுனு கேட்டா நானே நடந்து கவுன்டருக்குப் போயிடறேன்."

மே 2, வெள்ளி

தலைமுடியை இறக்கி விடவில்லை. இழுத்துத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டுதான் போனேன். மேளக்காரர் பார்த்தார். பாடகி பார்த்தாள். நன்றாகப் பார்க்கட்டும்.

வேண்டுமென்றே சத்தத்தின் அளவைக் காட்டும் மானியை அணைத்துவிட்டுக் காதை வைத்தே அமைத்தேன். மேனேஜர் இடது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் கட்டிய கை இறங்கியது. மூன்றாவதில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் பக்கம் வந்து, "நாளைக்கு நிகழ்ச்சி அஞ்சு மணிக்கு மேடம், லேட் பண்ணிடாதீங்க" என்றார். மேசையைத் துடைத்து மூடிவிட்டு வந்தேன்.

மே 4, ஞாயிறு

தம்பி துண்டோடு வந்து நின்றான். "இப்ப டெஸ்ட் வைக்கலாமாக்கா?"

"கட்டுடா."

முதலில் கருவியை அணைத்தும் போட்டும் பார்த்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. "இத்தனூண்டு பார்ட்டைப் போட்டா சத்தம் மாறுமாடா?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, என் இடது பக்கத்திலிருந்து, துல்லியமாக.

அப்புறம் கெப்பாசிட்டர். பழையது, புதியது, மறுபடி பழையது. இரண்டு காதையும் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். வித்தியாசம் மருந்துக்குக்கூட இல்லை.

"மாறுதாக்கா?"

"நல்லா மாறுதுடா" என்றேன். "உன் காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."