பார்வதிக்கு நீ பதில் சொல்லாத காலை

ராக்காயி,

பிரஜாவுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்ப அதிகாரி வருகிறார் என்று போன வாரம் சொன்னார்கள். பிறப்புப் பத்திரத்தைத் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலாக உன் கம்பளி கிடந்தது. நீ போய் மூன்று வருசமாக அது மழையைப் பார்க்கவில்லை. ஆனாலும் ஈரமும் கொழுந்துக் கறையும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே மடித்து வைத்த பத்திரிகைத் தாளும் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உனக்கும் அதுதான் பிடிக்கும் என்பதால் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

உன் அக்கா பார்வதி காய்ச்சலில் செத்தபோது நம் இரண்டு பேருக்கும் பதினொரு வயது. காரியம் முடிந்த மறுநாளே கங்காணி லயத்தில் உங்கள் ஒற்றை அறைக் காம்பிரா வாசலில் வந்து நின்றார். பக்கத்து வாசலில் இருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

"செக்ரோல்ல பார்வதி பேரு அப்படியே கெடக்கட்டும். சின்னத அனுப்பு. வேலைக்கு ஆள் கொறஞ்சா காம்பிராவ வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாங்க."

உன் அப்பா தலையை ஆட்டினார். இதெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் புதுசும் இல்லை. செத்தவள் பேரில் தங்கச்சி வேலைக்குப் போவாள், ஊரை விட்டுப் போனவள் பேரில் மருமகள் போவாள். செக்ரோல் பதிவேட்டில் ஆள் குறையாமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அன்றிலிருந்து விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை "பார்வதி" என்று கூப்பிட, நீ "இருக்கேங்க" என்றாய். ஒருநாள் மலை ஏறும்போது என்னிடம் சொன்னாய்: "எங்க அக்காவத் தெனமும் எழுப்பி வேலைக்கு அனுப்புறாங்கடி."

நான் எட்டாம் வகுப்பு வரை படித்ததால் என்னை நீ எழுத்துக்காரி என்று கிண்டல் செய்வாய். அப்போது நம்மைப் பற்றிக் கதை எழுதியவர்களில் பலர் ரயில் கோச்சி ஜன்னல் வழியாக நம்மைப் பார்த்தவர்கள். அவர்கள் கதையில் நாம் அழுதுகொண்டேதான் கொழுந்து எடுப்போம். பக்கத்து நிரைக்காரியை வாய் நிறைய ஏசிக்கொண்டு எடுக்கிற உன்னை யாரும் எழுதவில்லை. நான் வாசித்துக் காட்டினால், "நாம சிரிக்கிறதே இவுகளுக்குத் தெரியாதா?" என்று கேட்பாய்.

பசறையில் முஸ்லிம் நானாவின் கடையில் பருப்புச் சுற்றித் தந்த தாளில், மலைநாட்டிலிருந்து கதைகள் வேண்டும் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லச் சொல்ல எழுதினேன். பார்வதியின் கதைதான், பெரட்டில் தினமும் பதில் சொல்கிற செத்த பெண்ணின் கதை. எல்லாம் எழுதி முடித்துக் கடித உறையில் அனுப்புகிறவர் பேர் போடும்போதுதான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். "பார்வதி" என்று எழுதினேன். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீஸ் வழியாக, செக்ரோல் பேருக்குத்தானே கைக்கு வரும்? வேறு பேர் போட்டால் பதில் வந்து சேராதே என்றுதான் நினைத்தேன். நீ உறையைக் கிழித்து அடுப்பில் போட்டாய்.

"இதுலயும் அக்காதானா? எனக்குன்னு ஒரு தாளு கூடவா இல்ல?"

புது உறை வாங்கி, உன் பேரைப் போட்டு, நானா கடை விலாசத்தைக் கொடுத்தோம். இரண்டு மாசம் கழித்து நானா கடையை விட்டுத் தெருவுக்கே இறங்கி வந்தார். "இந்தாங்க புள்ள, ஒங்கட பேரு பேப்பர்ல வந்திரிக்கி." எழுத்துப் படிக்காத உனக்கு அதில் உன் பேர் எது என்று தெரியவில்லை. நான் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தவள் பஸ் வரும்வரை எடுக்கவே இல்லை.

அதே மாசம்தான் இந்தியாவுக்கான பாஸ்போர்ட்டும் வந்தது. இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்களும் நம்மைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் உன் அப்பா எப்போதோ விண்ணப்பம் போட்டிருந்தார். அப்பா, அம்மா, தம்பி, பார்வதி. உன் பேர் அதிலும் இல்லை.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை "பார்வதி" என்றார். நீ வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, காது அடைச்சிருச்சா? இந்தியாவுக்குப் போற சந்தோசமா?"

"பார்வதி செத்துப் பதினோரு வருசமாச்சுங்க ஐயா. அவள இந்தியாவுக்கு அனுப்பணும்னா குழியத் தோண்டித்தான் அனுப்பணும். நான் ராக்காயி. நான் எங்கயும் போகல."

"ராக்காயின்னு செக்ரோல்ல ஆளே இல்லையே."

இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினாய். "பேப்பர்ல இருக்கு. வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. உன்னைப் பெரட்டுக் களத்தை விட்டு வெளியே போகச் சொன்னார். நீ போனாய். நான் உன் பின்னால் வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குத்தான் போனேன். அதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். பயந்துவிட்டேன் ராக்காயி. இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்தான்.

உன் வீட்டார் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, பதுளை ஸ்டேஷனில் கோச்சி நகர்வதற்கு முன் உன் அப்பா ஜன்னல் வழியாகக் கேட்டார்: "அங்க சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்லுவேன் புள்ள?"

"ரெண்டாவது மக அங்கதான் இருக்கான்னு சொல்லுங்கப்பா. பேரச் சொல்லிச் சொல்லுங்க."

ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரியாக இருந்தது. உன் அம்மாவின் கையைப் பிடித்தபடி பிளாட்பாரம் முடிகிற வரை நடந்தாய். திரும்பி வந்து, "பசிக்குதுடி, ரொட்டி வாங்கு" என்றாய். அதைச் சாப்பிடும்போதுதான் அழுதாய்.

அப்புறம் நீ எந்த நாட்டுக்காரியும் இல்லை. எங்கள் காம்பிராவில் படுத்துக்கொண்டு, ஹாலிஎல பக்கம் சிங்களக் கிராமத்துத் தோட்டங்களில் போஞ்சிக்காய் பறித்தாய். மூன்று வருசம் கழித்து, கோச்சி ஏறியவர்கள் போகக் கொழுந்து எடுக்க ஆளில்லாமல் தோட்டம் திண்டாடியபோது, புதிதாக வந்த துரை உன் பேரை எழுதச் சொன்னார். முதல் காலை "ராக்காயி" என்று கூப்பிட்டதும் நீ போட்ட சத்தத்தில் பெரட்டுக் களமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை.

இன்னும் ஏழு கதை சொன்னாய், ஏழையும் எழுதினேன். பதுளையில் ஒரு கூட்டத்தில் படித்தவர் ஒருவர் எழுந்து, இதெல்லாம் வாய்ப்பேச்சு, இலக்கியம் ஆகாது என்றார். "சரிங்க, இலக்கியத்த நீங்களே வச்சுக்கங்க. வாயி எங்ககிட்ட இருக்கட்டும்" என்றாய். இன்றைக்கு நம் லயத்துப் பிள்ளைகள் அந்த வாய்ப்பேச்சிலேயே எழுதுகிறார்கள். அந்தப் படித்தவர் அதற்கு முன்னுரை எழுதிக் கொடுக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நீ கண் மூடியபோது, மரணப் பத்திரத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். உனக்கு அடையாள அட்டை இல்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை. தோட்டத்துக் கடிதத்தோடு இந்தத் தாளையும் நீட்டினேன். "கதையா இது?" என்று கிளார்க் சிரித்தார். இந்தத் தடவை நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர் எழுதும்வரை மேசைக்கு முன்னாலேயே நின்றேன். அரசாங்கம் உன் பேரை முதன்முதலில் எழுதியது நீ செத்த தாளில்தான். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

முந்தாநாள் வந்த அதிகாரி, காம்பிராவில் யார் யார் என்று கேட்டார். முதலில் உன் பேரைத்தான் சொன்னேன். எழுதப் போனவர் வயதைக் கேட்டார். மூன்று வருசத்துக்கு முன்னால் செத்துவிட்டாய் என்றேன்.

"செத்தவங்களுக்குப் பாரம் இல்லம்மா."

"எங்க பார்வதி செத்த பெறகு பதினோரு வருசம் கொழுந்து எடுத்தாளேங்க. அப்ப ஒருத்தரும் இப்படிச் சொல்லலையே."

அவர் எழுதவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மேசையில் கிடந்த வெற்றுப் பாரம் ஒன்றை நான் எடுத்து வந்துவிட்டேன்.

நேற்று உட்கார்ந்து நிரப்பினேன். பேர் ராக்காயி. பிறந்த இடம் இந்தத் தோட்டம். இருக்கிற இடமும் இந்தத் தோட்டம். நீ உயிரோடு இருக்கிறாயா என்று அந்தப் பாரம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளைக்கு என்னுடையதோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். அப்படி ஒரு ஆளே இல்லை என்று திருப்பித் தருவார்கள், தரட்டும். உன் தாள் என் இடுப்பில் இருக்கும். எடுத்து நீட்டி, வாசிங்க என்று சொல்வேன்.